மருந்து அடித்த நாளில் மட்டும் வரும் தலைவலி

கேள்வி: என் கணவர் கூலிக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வேலைக்குப் போகிறார். முதுகில் மாட்டும் தெளிப்பான்தான். மருந்து அடித்த அன்று சாயங்காலம் தலைவலி, குமட்டல், வேர்வை. கண் மங்கலாகத் தெரிகிறது என்பார். மறுநாள் காலையில் சரியாகிவிடும். போன முறை கண் இமை துடித்துக்கொண்டே இருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாத அளவுக்கு விரல் நடுங்கியது. “வெயில்தான் காரணம், மாஸ்க் போட்டுக்கொண்டுதானே அடிக்கிறேன்” என்கிறார். டாக்டரும் வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார். பால் குடித்தால் முறிந்துவிடும் என்கிறார் மாமியார். இது வெயிலா, விஷமா? என்ன பரிசோதனை செய்யலாம்? திடீரென்று மயங்கி விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? அவர் துணிகளை நான்தான் துவைக்கிறேன். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டாக்டர் நேரில் பார்த்துச் சொல்லும் வரை உங்கள் கணவர் மருந்து அடிக்கப் போக வேண்டாம். மருந்து கலக்கவும் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். இதைப் படிக்கும்போது அவருக்கு மூச்சுத் திணறல், நெஞ்சில் கரகரப்பு, வாயில் எச்சில் ஒழுகுவது, குழப்பமான பேச்சு, கைகால் தளர்ச்சி இவற்றில் ஏதாவது இருந்தால், மிச்சத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது சரியல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பூச்சிமருந்தின் பாதிப்பு என்றுதான் வலுவாகச் சந்தேகிக்கிறேன். அறிகுறிகளை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. தலைவலியும் குமட்டலும் எந்தக் காய்ச்சலிலும் வரும், வெயிலிலும் வரும். அவை வரும் நேரம்தான் முக்கியம். அடித்த அன்று வருகிறது, விட்டால் போகிறது, மறுபடி அடித்தால் மறுபடி வருகிறது. வெயில்தான் காரணம் என்றால், அதே வெயிலில் மண் வெட்டிய நாளிலும் மூட்டை சுமந்த நாளிலும் வர வேண்டுமே? இதை அவரிடமே கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள்: எந்தத் தேதி, என்ன மருந்து, எத்தனை மணி நேரம், உடம்பில் எங்கே நனைந்தது, தொந்தரவு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது விட்டது. போன முறை நடந்தது நினைவிலிருந்தால் அதையும் எழுதுங்கள். டாக்டரிடம் கொண்டுபோக இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

வெயிலையும் விஷத்தையும் பிரித்துப் பார்க்க இன்னும் சில அடையாளங்கள் உண்டு. இரண்டிலும் வேர்க்கும், தலை வலிக்கும், உடம்பு சோர்ந்துபோகும். ஆனால் வெயிலில் வாடியவருக்கு வாய் வறண்டிருக்கும், நாடி வேகமாக ஓடும். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் தாக்கியவருக்கு எல்லாமே ஈரம்: கண்ணில் நீர், வாயில் எச்சில், மூக்கில் நீர், நெஞ்சில் சளி, வயிற்றில் பிரட்டல், பேதி. கண்மணி சுருங்கி ஊசிமுனை போல் இருக்கும். மங்கலான வெளிச்சத்தில் யாருக்கும் கண்மணி விரிந்துதான் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குள்ளேயும் அவர் கண்மணி சின்னதாகவே இருந்தால் அது சாதாரணமல்ல. அவர் சொல்லும் மங்கல் பார்வைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். நாடி பெரும்பாலும் மெதுவாகும், சிலருக்கு வேகமாகவும் ஆகும். ஆகவே இவற்றில் ஒன்று இல்லை என்பதால் விஷம் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இமைத் துடிப்பும் விரல் நடுக்கமும்தான். நரம்பு ஒவ்வொரு முறை தசைக்கு ஆணை கொடுக்கும்போதும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரக்கிறது. வேலை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைத்து அப்புறப்படுத்திவிடும். இந்த வகைப் பூச்சிக்கொல்லிகள் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. பூச்சி சாவதும் அப்படித்தான், மனிதர் நோயில் விழுவதும் அப்படித்தான். ஆணை நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால் தசை துடிக்கிறது, பிறகு களைத்துத் தளர்கிறது. மூச்சு விடும் தசைகளும் இதே ஆணையில்தான் இயங்குகின்றன. அதனால் துடிப்பு வந்துவிட்டால் இனி பார்த்துக்கொண்டிருக்கும் கட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“மறுநாள் சரியாகிவிடுகிறது” என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கார்பமேட் வகையில் நொதி தானாகவே மீண்டுவிடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தொந்தரவு அடங்கும். ஆர்கனோபாஸ்பேட் வகையில் அப்படி இல்லை. அறிகுறி அடங்கினாலும் நொதி பழைய அளவுக்கு வந்திருக்காது. சிவப்பணுக்களில் உள்ள நொதி, புதிய அணுக்கள் பிறக்கப் பிறக்கத்தான் ஈடாகும். நாளொன்றுக்குச் சுமார் 1 சதவீதம்தான் ஏறும். அடுத்த வாரமே மறுபடி டேங்கைத் தோளில் மாட்டினால், குறைந்த இருப்பின் மேல் இன்னொரு அடி. இத்தனை வருஷமாக அடிக்கிறேன், பழகிவிட்டது என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாசனை பழகும். நொதி பழகாது. முன்பு தாங்கிய அதே அளவு ஒருநாள் ஆளைச் சாய்ப்பது இப்படித்தான்.

சரி, மாஸ்க் போட்டும் எப்படி வருகிறது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கணவர் நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். துணி மாஸ்க்கும், தூசியை மட்டும் வடிகட்டும் மாஸ்க்கும் மருந்தின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். ஆனால் அதைப் போட்டாலும் பாதி வேலைதான் முடியும். தெளிப்பவர் உடம்புக்குள் மருந்து பெரும்பாலும் மூக்கு வழியாகப் போவதில்லை, தோல் வழியாகப் போகிறது. மாஸ்க்கை மட்டும் நம்பி அடிப்பது, கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி.

தோலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பாரத்தியான் என்ற பழைய ஆர்கனோபாஸ்பேட்டை வைத்து மனிதர்களிடம் செய்த ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. முன்கையில் பட்டதில் சுமார் 9 சதவீதம் உள்ளே போனது, உள்ளங்கையில் 12, தலையில் 32, நெற்றியில் 36. விதைப்பையின் தோலில் பட்டது கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விட்டது. கூச்சப்படாமல் இதை அவரிடம் சொல்லுங்கள். முதுகில் மாட்டிய டேங்கின் மூடியோ வாஷரோ கசிந்தால் மருந்து எங்கே இறங்கும்? முதுகுத்தண்டு வழியாக இடுப்புக்கு, அங்கிருந்து கால்சட்டைக்குள். வேர்வையில் ஏற்கெனவே நனைந்த துணி என்பதால் நனைந்ததே தெரியாது. அப்புறம் வேலைக்கு நடுவே மருந்து பட்ட கையோடு சிறுநீர் கழிக்கப் போவது. போய்வந்த பிறகு கை கழுவுவோம் அல்லவா? இந்த வேலையில் போவதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நெற்றி வேர்வையை மருந்து பட்ட கையால் வழிப்பதும், அடைத்த நாசிலை வாயால் ஊதுவதும் அந்த ரகம்தான்.

அடுத்த முறை, அதாவது டாக்டர் அனுமதித்த பிறகு, அவர் வேலை முடித்து வந்ததும் சட்டையின் பின்பக்கத்தை எடுத்துப் பாருங்கள். தோள்பட்டைக்குக் கீழே, இடுப்புப் பட்டை உட்காரும் இடத்தில் ஒரு திட்டு மட்டும் வேறு நிறமாகவோ, முகர்ந்து பார்க்காமலே வீச்சமடிப்பதாகவோ இருந்தால் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும். டேங்கில் வெறும் தண்ணீரை நிரப்பி, கீழே ஒரு காய்ந்த தாளை விரித்து அதன்மேல் வைத்து, பம்ப் அடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

இனி டாக்டரிடம் போவது பற்றி. உங்கள் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வாந்தியும் வயிற்றுப் பிரட்டலும் என்று ஒருவர் வந்து நின்றால், நாள் முழுக்க மருந்து அடித்தவர் என்று யாரும் சொல்லாதபோது, வயிற்றுக் கோளாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீங்கள் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது “இன்ன தேதியில் இன்ன மருந்து அடித்தார், இத்தனை மணி நேரத்தில் ஆரம்பித்தது” என்பதுதான். மருந்தின் வணிகப் பெயர் போதாது, ஒரே மூலப்பொருள் பத்துப் பெயர்களில் விற்கும். புட்டியின் லேபிளைப் போனில் படமெடுத்து வையுங்கள்: செயல்படும் மூலப்பொருள், அதன் சதவீதம், முறிமருந்து பற்றிய குறிப்பு, எல்லாம் படிக்கிற மாதிரி. குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ் இவையெல்லாம் ஆர்கனோபாஸ்பேட். கார்போஃபியூரான், மெத்தோமில் கார்பமேட். இரண்டு மூன்றைக் கலந்து அடித்திருந்தால் எல்லாவற்றின் லேபிளும் வேண்டும்.

பரிசோதனை என்றால் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்ப்பதுதான். சிவப்பணுவில் உள்ளது, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் உள்ளது என்று இரண்டு வகை, முடிந்தால் இரண்டும். ஆனால் அறிக்கையில் ‘நார்மல்’ என்று வந்தால் நிம்மதியாகிவிட வேண்டாம். இந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடும். இயல்பிலேயே அதிகமாக உள்ளவருக்குப் பெரும்பகுதி குறைந்த பிறகும் எண் ‘நார்மல்’ எல்லைக்குள் நிற்கலாம். அதனால்தான் குறைந்தது ஒரு மாதம் மருந்துப் பக்கமே போகாத சமயத்தில் ஒரு முறை பார்த்து, அதை அவருடைய சொந்த அளவாகக் குறித்து வைத்துக்கொள்வது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தெளிப்பவர்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது: சொந்த அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வேலை செய்யும் முறையைச் சோதிக்க வேண்டும், சிவப்பணு நொதி 70 சதவீதத்துக்கோ பிளாஸ்மா நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும், 80 சதவீதத்துக்கு ஏறிய பிறகுதான் திரும்ப விட வேண்டும். உங்கள் கணவருக்கு முந்தைய அளவு இல்லை என்பதால், இப்போது ஒரு முறையும் சில வாரங்கள் விலகியிருந்த பிறகு இன்னொரு முறையும் பார்க்கச் சொல்வேன். இரண்டாவது எண் கணிசமாக ஏறியிருந்தால், முதல் எண் குறைந்திருந்தது என்பது உறுதியாகிவிடும். ஈரல் நோயிலும் பிளாஸ்மா நொதி குறையும் என்பதால் டாக்டர் அதையும் பார்ப்பார். கார்பமேட் என்றால் ரத்தம் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே நொதி மீண்டிருக்கலாம்.

இந்தப் பரிசோதனை எல்லா மருந்துக்கும் பொருந்தாது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா-சைஹாலோத்ரின் போன்ற பைரித்ராய்டுகளில் நொதி குறையாது. முகத்தில் எரிச்சல், குறுகுறுப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும், வேர்த்தால் கூடும், பொதுவாக ஒரு நாளில் அடங்கும். களைக்கொல்லிகளில் பாராகுவாட் தனி ரகம். தெளிப்பவர்களுக்கு நகம் நிறம் மாறி உதிர்வது, மூக்கில் ரத்தம், தோல் புண் என்று காட்டும். வாய் வழியாக ஒரு மிடறு போனாலே உயிருக்கு ஆபத்து. முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாகவே தெரிவார், பிறகு சிறுநீரகமும் நுரையீரலும் கெடும். முறிமருந்து இல்லை. பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ, யார் எதை விழுங்கியிருந்தாலும், எந்தக் காரணத்துக்காக விழுங்கியிருந்தாலும், “நன்றாகத்தானே இருக்கிறார்” என்று காத்திருக்க வேண்டாம்.

மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவரை மருந்து அடித்த இடத்திலிருந்து காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு, அது இல்லாவிட்டால் கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, நனைந்த துணிகளையெல்லாம் கழற்றுங்கள். இழுத்துக்கொண்டிருக்காமல் கத்தரியால் வெட்டிவிடலாம். செருப்பு, பெல்ட், கைக்கடிகாரம் எல்லாம் போகட்டும். சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டு, தேய்க்காமல், கழுவுங்கள்: தலைமுடி, காது மடல், அக்குள், தொடை இடுக்கு, நக இடுக்கு. கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது விட்டுக்கொண்டிருங்கள். நினைவு தப்பியிருந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி. வாயில் மருந்து இருந்தால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம். வண்டி வந்துவிட்டால் குளிப்பாட்டி முடிக்கக் காத்திருக்க வேண்டாம்.

மாமியார் சொன்ன பால்? எந்தப் பூச்சிமருந்தையும் பால் முறிக்காது. அரை மயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போகும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. பல மருந்துகள் பெட்ரோலிய எண்ணெயில் கரைத்தவை. வாந்தியோடு அந்த எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் அது தனியாக ஒரு நோய். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், லேபிளையும் போனையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள், உருப்படியான உதவி.

ஆஸ்பத்திரியில் முறிமருந்தாக அட்ரோபின் ஊசி போடுவார்கள். நெஞ்சில் சளி வற்றி மூச்சு தெளியும் வரை, சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். அட்ரோபின் அதிகமானால் ஆள் முகம் சிவந்து, வாய் வறண்டு, பிதற்றிக்கொண்டு, காற்றில் எதையோ பிடிப்பது போலக் கையை ஆட்டுவார். உறவினர்கள் பயந்துபோய் ஆளை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த நேரத்தில்தான். ஓட வேண்டாம், நர்ஸைக் கூப்பிடுங்கள், அளவைக் குறைத்தால் அடங்கிவிடும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று. முதல் நாள் தேறி, சாப்பிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று நோயாளியே கேட்பார். ஆர்கனோபாஸ்பேட்டில் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் இரண்டாவது கண்டம் ஒன்று இருக்கிறது. இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரல்லியெட்டேயும் 1987-ல் இதை விவரித்தார்கள். கழுத்துத் தசைதான் முதலில் தளரும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால், ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே சொல்லுங்கள். அடுத்து மூச்சுத் தசை தளரும், வென்டிலேட்டர் தேவைப்படலாம். கடுமையான விஷத்தில் டாக்டர்கள் சில நாள் வைத்துப் பார்ப்பது பில்லுக்காக இல்லை. வீடு திரும்பி ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் பாதம் மரத்துப்போவது, கால் இழுப்பது போன்றவை வந்தாலும் திரும்பப் போக வேண்டும். எல்லா மருந்திலும் வராது, சிலவற்றில் வரும்.

பரிசோதனை முடிந்து அனுமதி கிடைத்த பிறகும் பழைய மாதிரியே போவதில் அர்த்தமில்லை. மருந்து கலக்கும் நேரம்தான் மிகவும் ஆபத்து, அப்போது புட்டியில் இருப்பது தண்ணீர் சேராத சரக்கு. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முன்பக்கம் நீர் புகாத ஏப்ரன், ரப்பர் பூட்ஸ். கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும், உள்ளே திணித்தால் மருந்து பூட்ஸுக்குள் வழிந்து தேங்கும். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். இதையெல்லாம் போட்டு நடுப்பகலில் நின்றால் உண்மையிலேயே வெயில் தாக்கும், அதனால் அதிகாலையில், காற்று அடங்கிய நேரத்தில். நிலத்துக்காரரிடம் பேச முடிந்தால் ஆபத்து குறைந்த மருந்தைக் கேட்கலாம். பல நாடுகளில் லேபிளின் நிறமே வகையைச் சொல்லும், சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. கூலிக்குப் போகிறவர் எந்த அளவுக்கு இதையெல்லாம் கேட்க முடியும் என்பது எனக்கும் தெரியும். கையுறையும் கசியாத டேங்கும் இல்லாமல் அடிக்க மாட்டேன் என்று மட்டுமாவது சொல்லலாம்.

கடைசியாகத் துணி. நீங்கள் துவைக்கும்போது கையுறை போடுங்கள். மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக, சோப்புப் போட்டு, இரண்டு முறை அலசி, வெயிலில் காய வையுங்கள். அதற்கென்று ஒரு வாளி. நீர்க்காத மருந்து கொட்டி ஊறிய துணி எத்தனை துவைத்தாலும் போகாது, அதைத் தூக்கியெறிய வேண்டும். தோல் செருப்பும் தோல் பெல்ட்டும் அப்படியே. அவர் வீட்டுக்குள் வரும் முன் வெளியிலேயே துணி மாற்றிக் குளித்துவிட்டு, பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். அப்பாவைக் கண்டதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையின் முகம், மருந்து ஊறிய கால்சட்டையில்தான் போய்ப் பதியும். குழந்தைக்கு எடை குறைவு, அதனால் கொஞ்சம் பட்டாலும் பாதிப்பு அதிகம். மீந்த மருந்தைக் குடிக்கும் பாட்டில்களில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். புட்டியை அதன் லேபிளோடு பூட்டிய பெட்டியில், முடிந்தால் வீட்டுக்கு வெளியே வையுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் அந்தத் துணியை நீங்கள் தொடவே வேண்டாம், அவரே துவைக்கட்டும்.